உயிருள்ள மண்ணும் உயிரற்ற மண்ணும்



பகவான் புத்தர் பிக்குகளுக்கு விதித்த விநய ஒழுக்கங்களுள் ஒன்று, பிக்கு ஒருவர் நிலத்தைத் தாமும் அகழலாகாது, பிறரை ஏவியும் அகழ்விக்கலாகாது என்பது. முதன்முறை கேட்போர்க்கு இது வியப்பளிக்கும். உயிரைக் கொல்லாதே என்றார். அதன் காரணம் விளங்குகிறது. பிறர் பொருளைக் கவராதே என்றார், அதுவும் விளங்குகிறது. மண்ணை வெட்டுவதில் என்ன தீங்கு? மண் அழுமோ? மண்ணுக்கு வலிக்குமோ?

இவ்விதி பிறந்த வரலாறு விநய பிடகத்தில் உள்ளது. ஆளவி என்னும் ஊரில் தங்கியிருந்த பிக்குகள் தங்கள் உறைவிடங்களைப் புதுக்கும் வேலையில் ஈடுபட்டு, நிலத்தைத் தாமும் வெட்டினர். பிறரையும் வெட்டச் செய்தனர். அதனைக் கண்ட ஊரார் மனம் வருந்தினர். சாக்கிய முனிவரைப் பின்பற்றும் துறவிகள் உயிருள்ள ஒன்றைத் துன்புறுத்தலாமோ என்று பழித்தனர். செய்தி பகவானுடைய திருச்செவிக்கு எட்டியது. மண்ணில் உயிருண்டு என மக்கள் கருதுவதை எடுத்துக்காட்டி, பிக்குகளைக் கடிந்து, அவ்விதியை அவர் ஏற்படுத்தினார்.

விதிக்கு விளக்கம் வகுத்த முன்னோர் அத்துடன் நின்றாரல்லர். மண் இருவகைப்படும் என்றனர். ஒன்று ஜாத பிருதிவி, அஃதாவது உயிர்த்த மண். மற்றொன்று அஜாத பிருதிவி, அஃதாவது உயிராத மண். புழுதியும் களியும் மிகுந்து, கல்லும் பரலும் குறைந்திருப்பது உயிர்த்த மண். வெறுங்கல், வெறும்பரல், வெறும் ஓட்டுச்சில்லு, வெறுமணல் ஆகியவை உயிராத மண். தீயில் வெந்ததும் உயிராத மண்ணே. வெட்டிக் குவித்த மண்மேடு நான்கு திங்களுக்கு மேல் மழையில் நனைந்து கிடக்குமாயின் அது மீண்டும் உயிர்த்த மண்ணாகிவிடும் என்றும் அவர்கள் எழுதி வைத்தனர்.

இவ்விளக்கத்தைச் சற்று ஊன்றிக் கருதுங்கள். நுண்பெருக்கிக் கண்ணாடி இல்லாத காலம் அது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி எவரும் எழுதாத காலம். அக்காலத்திலேயே, காலின்கீழ்க் கிடப்பதெல்லாம் மண்ணாகிவிடாது, உயிர்ப்புள்ளது வேறு, உயிர்ப்பற்றது வேறு என்று நம் சங்கத்தார் பகுத்தறிந்தனர். இப்பகுப்பையே இன்றைய உபதேசத்தின் பொருளாக எடுத்துக்கொள்கிறோம். மண் என்பது யாது? அது எவ்வாறு உயிரிழக்கிறது? அதனைக் காப்பது பஞ்சசீலம் ஏற்ற இல்லறத்தாராகிய நமக்கு எவ்வாறு கடமையாகிறது? இம்மூன்றையும் முறையே காண்போம்.

மண் யாது?

பாறை வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, வெடிக்கிறது. மழைநீர் அதன் சில கூறுகளைக் கரைக்கிறது. வெடிப்பில் நுழைந்த வேர் அதனைப் பிளக்கிறது. இவ்வாறு பொடிந்த துகள்களுள் பருத்தது மணல். அதனினும் நுண்ணியது வண்டல். மிக நுண்ணியது களி. ஒரு மில்லிமீட்டரை 500 கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றினும் சிறியது களித்துகள். ஆயினும், இத்துகள்கள் மட்டும் சேர்ந்து மண்ணாகிவிடுவதில்லை. நல்ல விளைநிலத்து மேல்மண்ணை ஆராய்ந்தோர், அதன் கன அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு கற்றுகள் என்றும், 25 பங்கு நீர் என்றும், 25 பங்கு காற்று என்றும், எஞ்சிய 5 பங்கே மட்கிய இலையும் வேரும் உயிர்களும் என்றும் கூறுவர்.

அந்த ஐந்து பங்கில்தான் மண்ணின் உயிர் இருக்கிறது. ஒரு கரண்டி நல்ல மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் தொகை உலக மக்கள் அனைவரின் தொகையினும் மிகுதி. அவை உதிர்ந்த இலையையும், மாண்ட புழுவையும், சாணத்தையும் சிதைத்து, பயிர் உண்ணத்தக்க உணவாக்குகின்றன. பூஞ்சையிழைகள் துகளோடு துகளைப் பிணைக்கின்றன. அவரை, துவரை, கடலை முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிப் பயிருக்குத் தருகின்றன. மண்புழுவோ மண்ணை உண்டு, மேலே கொணர்ந்து கழிக்கிறது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் இப்புழுக்களின் உடல்வழியே புகுந்து மேலே வருகிறதென்று சார்லஸ் டார்வின் 1881ஆம் ஆண்டு வெளியிட்ட தம் இறுதி நூலில் கணக்கிட்டார். ஏரும் எருதும் தோன்றுமுன்னரே நிலத்தை உழுதவை இவை.

மிலிந்தன் என்னும் அரசனுக்கு நாகசேனர் தேரைக் காட்டி உபதேசித்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அச்சு தேராகுமா? சக்கரம் தேராகுமா? நுகம் தேராகுமா? தனித்தனியே எதுவும் தேரன்று. அவை உரியவாறு கூடியவிடத்துத் தேர் என்னும் பெயர் வழங்குகிறது. மண்ணும் அவ்வாறே. மணல் மண்ணன்று, நீர் மண்ணன்று, காற்று மண்ணன்று, மட்கும் புழுவும் மண்ணல்ல. இவையெல்லாம் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நிலைக்கே மண் என்று பெயர். சார்பில் தோன்றியது எதுவோ, அது சார்பு நீங்கிய அன்று அழியும். மண் என்றும் உள்ளது, அதற்கு அழிவேது என்று எண்ணுவோர், அநித்தம் என்னும் முதற்பாடத்தையே மறந்தவராவர்.

இக்கூட்டு உருவாகச் செல்லும் காலமும் அறியத்தக்கது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் உண்டாவதற்கு 1000 ஆண்டுகள் வரை செல்லும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு உழவு நிறுவனம் கூறுகிறது. பகவான் பரிநிப்பானம் அடைந்து ஏறத்தாழ 2500 ஆண்டுகள் ஆயின. அக்காலந்தொட்டு இன்றுவரை இயற்கை ஓரிடத்தில் ஆக்கி வைத்த மண், நான்கு விரற்கிடை உயரம் இருக்கலாம். பயிர்மூடாத சரிவுநிலத்தில் அவ்வளவையும் சில மழைக்காலங்கள் கழுவிக்கொண்டு போய்விடும். உலகத்தார் உண்ணும் உணவில் நூற்றுக்கு 95 பங்கு, நேராகவோ சுற்றியோ, இந்த மெல்லிய போர்வையிலிருந்தே வருகிறது.

தங்கவயலில் கண்ணாற் காணும் பாடம்

உயிர்த்த மண்ணுக்கும் உயிராத மண்ணுக்கும் உள்ள வேற்றுமையை நூலிற் படித்து அறியவேண்டிய தேவை நம்மவருக்கு இல்லை. கோலார் தங்கவயலில் வாழ்வோர் வீட்டு வாயிலில் நின்றே அதனைக் காணலாம்.

வயல் என்பது நெல்லுக்கும் கரும்புக்கும் உரிய சொல். நம் முன்னோர் வடஆற்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் அச்சொல்லைத் தம்மோடு கொணர்ந்து, இச்சுரங்கத்துக்குச் சூட்டினர். 1880ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய இவ்வேலை, 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்படும்வரை நடந்தது. நிலத்தின்கீழ் 3 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வெட்டினர். ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளிப்பட்டது. அத்தங்கம் எங்கெங்கோ சென்றது. இங்கே தங்கியது எது? மேடுகள்.

வெட்டியெடுத்த வெண்கல்லை ஆலையிலிட்டு மாவாக அரைத்தனர். அம்மாவைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்தனர். எஞ்சிய சேற்றைக் குவித்தனர். மக்கள் சயனைடு மேடு என்றழைக்கும் அக்குவியல்கள் பதின்மூன்று. அவற்றின் நிறை மூன்று கோடி டன்னுக்கு மேல். ஆடிக்காற்றில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் புகுந்து சோற்றிலும் நீரிலும் படிகிறது. மழையில் கரைந்து தாழ்ந்த நிலங்களிற் சென்று படிகிறது. சுரங்கத்தினுள் இத்தகைய கற்றூசியை மூச்சோடு உட்கொண்ட தொழிலாளர் பலர் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோயால் இளைத்து மாண்டதை மூத்தோர் அறிவர்.

அம்மேட்டிலிருந்து ஒருபிடி அள்ளுங்கள். அருகிலுள்ள கேழ்வரகுக் கொல்லையிலிருந்தும் ஒருபிடி அள்ளுங்கள். இரண்டும் பாறை பொடிந்ததே. இரண்டும் நுண்மையானவையே. கொல்லையின் செம்மண்ணில் நீர் ஊற்றினால் அது உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, விதையிட்டால் முளைக்கிறது, புழு ஊர்கிறது, மழைக்குப்பின் மணக்கிறது. மேட்டுத்துகளோ நீரைப் பிடித்து வைப்பதில்லை. அதில் மட்கு இல்லை, புழு இல்லை, மணமும் இல்லை. ஒன்று ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளில் உயிர்களோடு கூடிப் பிறந்தது. மற்றொன்று ஆலையில் ஒரே நாளில் அரைபட்டது. விநய விளக்கம் கூறிய வெறுமணலை இம்மேடுகளினும் தெளிவாக எங்கே காணப்போகிறோம்? நான்கு திங்கள் மழையில் மண்குவியல் உயிர்க்கும். நூறாண்டு மழையில் நனைந்தும் இம்மேடுகளின் பெரும்பரப்பு உயிர்க்கவில்லை. மழை பெய்தது, ஆனால் மழையோடு சேர்ந்து உயிரை எழுப்பவேண்டிய மற்றைச் சார்புகள் அங்கே இல்லை.

2024ஆம் ஆண்டு, இம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தையும் எடுப்பதற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. எடுப்பதற்கு எக்காலத்திலும் ஆள் உண்டு. எடுத்தபின் அவ்விடத்தை மீண்டும் மண்ணாக்கும் கடமை யாருடையது என்று கேட்பதற்கும் ஆள் வேண்டும். கேட்கும் உரிமை, அத்தூசியை மூன்று தலைமுறை சுவாசித்த நமக்கு உண்டு.

மண் உயிரிழக்கும் வழிகள்

சுரங்கம் இல்லாத ஊரிலும் மண் உயிரிழக்கிறது. மரமும் புல்லும் மூடியிருக்கும் நிலத்தில் மழைத்துளி இலைமேல் விழுந்து மெல்ல இறங்குகிறது. மூடாத நிலத்திலோ அது நேரே மண்ணை அறைகிறது, துகள் சிதறுகிறது, நீரோடு கூடி ஓடுகிறது. முதலிற் போவது மேற்படலமே. உயிர் குடியிருப்பதும் அம்மேற்படலத்திலேதான். சரிவின் வழியே மேலிருந்து கீழாக உழுதால், ஒவ்வொரு படைச்சாலும் மண்ணை வெளியேற்றும் வாய்க்காலாகிவிடுகிறது.

இந்தியாவில் ஆண்டொன்றுக்கு 533 கோடி டன் மண் இவ்வாறு பெயர்கிறதென்று 1983ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு ஹெக்டேருக்கு 16 டன்னுக்கு மேல். அதில் நூற்றுக்கு 29 பங்கு கடலிற் கலந்து மீளாமற் போகிறது. ஏறத்தாழ 10 பங்கு அணைகளிற் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. எஞ்சியது தான் பிறந்த இடத்தைவிட்டு வேறிடஞ் சேர்கிறது.

வைக்கோலையும் தாளையும் கொளுத்துவோர் மண்ணின் உணவைக் கொளுத்துகின்றனர். செங்கற்சூளைக்காக மேல்மண்ணை விற்போர், பல தலைமுறைக்குச் சோறிடும் பொருளை ஒருமுறைக் கூலிக்கு விற்கின்றனர். உயிர்த்த மண் சூளையில் வெந்து உயிராத மண்ணாகிறது. எரு இடாது இரசாயன உப்புகளை மட்டும் ஆண்டுதோறும் இட்டு அறுவடை செய்வோர், விளக்கைத் தூண்டித் தூண்டி எரியவிட்டு, எண்ணெய் வார்க்க மறந்தவரை ஒப்பர்.

இவ்வழிகள் பலவாயினும் வேர் ஒன்றே; அது வேட்கை. தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தத்தில் பகவான் வாசெட்டனுக்கும் பாரத்துவாசனுக்கும் ஒரு வரலாறு கூறுகிறார். ஆதியில் நிலமே சுவைமிக்க உணவாய் இருந்தது. மக்கள் அதனைப் பேராசையோடு அள்ளி உண்ண உண்ண அச்சுவை மறைந்தது. பின்னர்த் தோன்றியவையும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. கடைசியில் உழாமலே நெல் விளைந்தது; உமியும் இல்லை. காலையில் அறுத்தது மாலையில் மீண்டும் விளைந்து நின்றது. ஒருவன் இருவேளைக்குரியதை ஒரே நேரத்தில் அறுத்து வந்தான். மற்றொருவன் இரண்டு நாளைக்கு, வேறொருவன் நான்கு நாளைக்கு, இன்னொருவன் எட்டு நாளைக்கு என்று குவித்தனர். அன்றுமுதல் நெல்லை உமி மூடிற்று. அறுத்த இடத்தில் மீண்டும் விளையவில்லை. பிறகு நிலத்துக்கு எல்லையிட்டனர். எல்லை வந்தபின் களவு வந்தது. களவு வந்தபின் பொய்யும் தண்டமும் வந்தன. நிலத்தின் வளம் குன்றியதும் மக்களின் ஒழுக்கம் குன்றியதும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பதே இதன் உட்பொருள்.

இங்கே இரண்டாம் சீலத்தை நினையுங்கள். கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாதிருப்பதே அச்சீலம். மண் நமக்கு விளைச்சலைத் தருகிறது. அதனை எடுத்துக்கொள்வது களவன்று. ஆயினும், மண்ணின் வளத்தையே திருப்பித் தராது உறிஞ்சிவிட்டால், அதனை நமக்குக் கொடுத்தவர் யார்? இன்னும் பிறவாத குழந்தைகளின் பங்கு அது. அவர்கள் வந்து கேட்கமாட்டார்கள் என்ற துணிவினால் எடுத்துக்கொள்கிறோம். உறங்குபவன் வீட்டிற் கன்னமிடுவதற்கும் இதற்கும் வேற்றுமை உண்டோ?

நிலமில்லாதவருக்கு இவ்வுபதேசம் எதற்கு?

நிற்க. நம் அன்பர்களுள் சிலர் உள்ளத்தில் இப்போது ஒரு வினா எழும். நிலவுடையவர்க்குக் கூறவேண்டியதை நிலமற்ற நமக்கு ஏன் கூறுகிறீர் என்பர். வினா நியாயமானதே, அதனைத் தட்டிக் கழித்தல் தம்மமாகாது.

நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக மண்ணை உழுதனர்; நாற்று நட்டனர்; வரப்பு வெட்டினர்; ஏரியின் வண்டலைச் சுமந்து வயலில் கொட்டினர். விளைந்த மண் மட்டும் அவர்களுடையதாக இல்லை. செங்கற்பட்டு மாவட்டத் தலைவராயிருந்த திரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு இக்கொடுமையை அறிக்கையாக எழுதினார். அதன்பின் 1892ஆம் ஆண்டு சென்னை அரசாங்கம் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் எனப்படும் அது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பர். வேற்றுச் சாதியார்க்கு விற்கலாகாது என்ற விதி இருந்தும் அதன் பெரும்பகுதி கைமாறிப்போன செய்தியை நாடறியும். நிலம் கிட்டாத பலரே சுரங்கத்துக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தனர்.

இக்கொடுமையினும் பெரிய கொடுமை மற்றொன்று உண்டு. மண்ணைத் தொட்டு உழைத்தவனை, அத்தொடுகையின் காரணமாகவே இழிந்தவன் என்றனர். மண் படிந்த கை தீட்டு என்றனர். அக்கை விளைத்த நெல் மட்டும் தீட்டாகவில்லை. இதற்கு மறுமொழி போதிமரத்தடியிலேயே கூறப்பட்டுவிட்டது. அவ்வாசனத்தில் அமரும் உரிமை உனக்கு ஏது, சாட்சி யார் என்று மாரன் வினவியபோது, பகவான் வானத்தைச் சுட்டவில்லை, வேதத்தைச் சுட்டவில்லை, குலத்தைச் சுட்டவில்லை. வலக்கரத்தைத் தாழ்த்தி நிலத்தைத் தொட்டார். நிலம் சாட்சியாயிற்று. நம் விகாரைகளில் நாம் வணங்கும் திருவுருவங்கள் பலவற்றில் அக்கரம் இன்றும் நிலத்தைத் தொட்டபடியே இருக்கிறது. மண்ணைத் தொடும் கை எவ்வளவு தூயது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

ஆதலின் மண்ணைக் காத்தல் நிலக்கிழாரின் வேலை என்று ஒதுங்குவது, நம்மை மண்ணிலிருந்து பிரித்தவர்களின் தீர்ப்பை நாமே ஒப்புக்கொள்வதாகும். நிலத்தில் உரிமை கேட்பதும் நிலத்தைக் காப்பதும் முரண்பட்டவையல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராய் இருந்தபோது, தாமோதர் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டத்தை உருவாக்குவதில் முன்னின்று உழைத்தார். அதன் பயனாக 1948ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம், அணையும் மின்சாரமும் மட்டுமன்றி, காடு வளர்த்தலையும் மண்ணரிப்பைத் தடுத்தலையும் அக்கழகத்தின் கடமைகளாக வகுத்தது. மானிட உரிமைக்காகப் போராடியவர் ஆற்றையும் மண்ணையும் மறந்தாரில்லை.

காக்கும் முறை

இனி, செய்யத்தக்கவை யாவை என்று பார்ப்போம். இதற்கும் சங்கத்தின் வாழ்விலேயே வழிகாட்டு உண்டு.

பிக்குகள் அணியும் சீவரத்தை உற்று நோக்கியதுண்டா? துண்டு துண்டாகத் தைத்து, இடையிடையே கோடுகள் ஓடும். பகவான் தக்கிணகிரி நோக்கிச் சென்றபோது மகத நாட்டு வயல்கள் வரப்பும் குறுக்கு வரப்புமாக ஒழுங்குற அமைந்திருப்பதைக் கண்டு, அவ்வாறு சீவரம் அமைக்க இயலுமோ என்று ஆனந்தரைக் கேட்டார்; ஆனந்தர் அவ்வாறே தைத்தளித்தார். உழவன் நீரையும் மண்ணையும் காக்க அமைத்த வரப்பு, துறவியின் ஆடையாயிற்று. சரிவுநிலத்தில் ஒரே மட்டத்தில் வரப்பமைத்து, சரிவுக்குக் குறுக்கே உழுதால் ஓடும் நீர் நடக்கும். நடக்கும் நீர் நிற்கும். நிற்கும் நீர் மண்ணை விட்டுவிட்டு நிலத்தினுள் இறங்கும். வரப்பின்மேல் வெட்டிவேரோ புல்லோ நட்டால் வரப்பும் நிலைக்கும்.

மற்றொரு வரலாறு. உதேனன் என்னும் அரசனின் தேவிமார் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் தானம் செய்தனர். இத்தனை ஆடைகளை என்ன செய்வீர் என்று அரசன் வினவினான். கிழிந்த சீவரமுடைய பிக்குகளுக்குப் பங்கிடுவோம் என்றார் ஆனந்தர். கிழிந்த பழையவற்றையோ? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்பையோ? மெத்தையுறையாக்குவோம். இவ்வாறே தரைவிரிப்பு, கால்துடைக்கும் துணி, தூசிதட்டும் துணி என்று வினாவும் விடையும் இறங்கி வந்தன. அதுவும் நைந்தால்? துண்டுதுண்டாக்கி, சேற்றோடு பிசைந்து, தரைக்குப் பூசுவோம் என்றார் ஆனந்தர். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் ஈந்தான். எப்பொருளும் வீணாகாது கடைசியில் மண்ணைச் சேரவேண்டும் என்னும் இந்நெறியே மண்காப்பின் சாரம். தாளும் தழையும் சாணமும் சாம்பலும் வயலுக்கே திரும்பட்டும். சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி இவற்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல் பசுந்தாள் எரு. அறுவடைக்குப் பின்னும் நிலத்தை வெறுமையாய் விடாது, வைக்கோலால் மூடி வைப்பது மூடாக்கு. கோலார்ச் சீமையில் கேழ்வரகுக்கிடையே அவரையும் துவரையும் விதைக்கும் பழைய வழக்கம், எடுக்கும் பயிரோடு கொடுக்கும் பயிரையும் சேர்த்த நல்வழக்கமேயாகும். ஏரியின் வண்டலை எடுத்து வயலுக்கு இடுவது, மழை கொண்டுபோன மண்ணை மீட்டு வருவதாகும். உழுதொழில் செய்வோர் 2015ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு வழங்கிவரும் மண்வள அட்டையைப் பெற்று, தம் மண்ணில் எது குறைவு என்று அறிந்தே உரமிடல் நன்று.

ஒரு குழி நிலமும் இல்லாதவர்க்கும் வழியுண்டு. காய்கறித் தோலையும் உதிர்ந்த இலையையும் தெருவிற் கொளுத்தாது குழியிலிட்டு மண்மூடி வையுங்கள். சில திங்களில் மட்காகும். அம்மட்கை வீட்டோரத்து முருங்கைக்கும் வேம்புக்கும் இடுங்கள். நெகிழிப் பையையும் கண்ணாடியையும் மின்கலத்தையும் மண்ணிற் புதையாதீர்கள். பகவான் இராகுலருக்கு நிலத்தைப்போல் இருக்குமாறு உபதேசித்தார். தூயதை எறியினும் தூய்மையற்றதை எறியினும் நிலம் அருவருப்பதில்லை என்றார். உண்மை. சாணத்தையும் பிணத்தையும் ஏற்று அவற்றை அன்னமாக்கும் பொறுமை நிலத்துக்கு உண்டு. நஞ்சை மட்டும் அது அன்னமாக்க இயலாது. நஞ்சாகவே நம் கலத்துக்குத் திருப்பித் தரும். நிலத்தின் பொறுமையை நாம் பயிலவேண்டுமேயன்றி, அதனை வாய்ப்பாகக் கொண்டு வதைக்கலாகாது.

நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் உபோசத நாளில் ஒரு மரக்கன்று நட்டு, அதன் வேரடியில் மட்கு இட்டுப் பேணுதலை ஒரு புண்ணியச் செயலாக மேற்கொள்ளலாம். எரு வளமாக இடப்படும் இடத்தில், இறுகிய தரையும் ஆண்டுகள் செல்லச் செல்ல மண்ணாகும். முதலில் வறட்சி தாங்கும் புல் வரும். புல் மட்கியபின் செடி வரும். செடியின் நிழலில் மரம் வரும். அது விரைவில் நிகழாது. நட்டவர் காணாமல் அவர் பேரர் காணக்கூடும். தானத்தில் உயர்ந்தது, பெறுவோர் முகமறியாது ஈவதன்றோ?

தமிழில் நம் முன்னோர் ஆக்கிய மணிமேகலைக் காப்பியம் அமுதசுரபி என்னும் அட்சயபாத்திரத்தைக் கூறும். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. ஆயினும் மணிமேகலை அதனைக் கையில் ஏந்திய உடனே அது சுரக்கவில்லை. முதலில் ஆதிரை அதிற் பிச்சையிட்டாள். பின்னரே அது காயசண்டிகையின் யானைப்பசியையும் ஆற்றிற்று. இட்டபின் சுரப்பது அதன் இயல்பு. நம் காலின்கீழ் விரிந்து கிடக்கும் மண்ணும் அத்தகைய பாத்திரமே. இடாதவர் கையில் அது வெற்றோடு. இடுவார் கையில் அது அமுதசுரபி.

ஆதலின், அன்பர்களே, இவ்வாரமே உங்கள் வீட்டருகில் ஓரடி நிலத்தைத் தெரிந்துகொண்டு, அதனை உயிர்த்த மண்ணாக்கத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் அங்கே ஒரு மண்புழு தோன்றுமாயின் உங்கள் தானம் ஏற்கப்பட்டது என்று கொள்ளுங்கள். அப்புண்ணியம், மண்ணை உழுதும் அகழ்ந்தும் மாண்ட நம் முன்னோருக்கும், அதன்மேல் நடக்கப்போகும் நம் சந்ததியாருக்கும் சேர்வதாக. நிலத்தின் மேலும் கீழும் வாழும் எல்லா உயிரும் இன்புற்றிருப்பனவாக.

சாது! சாது! சாது!